கோத்தகிரியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு: பதிப்பியல் மாணவர் புத்தகக் கண்காட்சிக்குத் தயாராவது எப்படி

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி அக்டோபர் நடுவாக்கில், புதன்கிழமை தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். அதற்குப் போக நினைக்கும் மாணவர், ஊட்டி மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் மலையேறும் மே மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் யோசித்தால் விசாவுக்கும் நேரம் இருக்காது, சந்திக்க நினைப்பவர்களின் நாட்குறிப்பும் நிரம்பிப் போயிருக்கும்.

நான் கோத்தகிரிக்காரி. அப்பா சிறு தேயிலை விவசாயி; பச்சைத் தேயிலை பறித்துக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் போடுகிறவர். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நூல் பதிப்பு முதுநிலைப் பட்டயம் படித்துக்கொண்டே, கோவையில் ஒரு சிறு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களோடுதான் ஃபிராங்க்ஃபர்ட் போனேன். மலையில் இருந்துகொண்டு, கையில் பெரிய பணம் இல்லாமல், இந்தத் தொழிலை உண்மையாகக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சி சென்னைப் புத்தகக் காட்சி போலப் பை நிறைய வாங்கிவரும் இடம் இல்லை. இன்றைய வடிவில் 1949இல் தொடங்கியது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, அச்சுக்கலை முன்னோடி குட்டன்பர்க் காலத்தை ஒட்டி, அந்த நகரத்தில் புத்தகச் சந்தை கூடியிருக்கிறது. இந்தியா 1986இலும் 2006இலும் அங்கே சிறப்பு விருந்தினர் நாடு. இப்போது அங்கே கைமாறுவது பெரும்பாலும் உரிமைகள்: ஒரு தமிழ் நாவலை ஜெர்மனில் வெளியிடும் உரிமை, ஒரு சிறுவர் நூலைக் கொரிய மொழியில் வெளியிடும் உரிமை, ஒலிநூல் உரிமை. முதல் நாட்கள் துறைக்காரர்களுக்கு. வார இறுதியில்தான் பொதுமக்கள் கூட்டம்.

அங்கே போய்ச் சுற்றிப் பார்ப்பதாலோ, மின்னும் நூற்பட்டியல்களைச் சேர்ப்பதாலோ ஒரு மாணவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து. ஒரு புத்தகத்தை, அதன் மொழியே தெரியாத ஒருவரிடம், அரை மணி நேரத்துக்குள் எடுத்துச் சொல்லவும் அவர் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் தரவும் பழக வேண்டும். பயணம் அதற்காகத்தான். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு, அதில் பெரும்பகுதி ஊரில் இருந்தே முடிக்க வேண்டியது.

முடிந்தால் முதலில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தொடங்கியது. வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து நம் பதிப்பாளர்களோடு பேசுவதை ரயில் டிக்கெட் செலவிலேயே பார்த்துவிடலாம்.

எந்தப் புத்தகங்கள்?

குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிச் சந்திப்பில் இரண்டு புத்தகங்களைப் பற்றித்தான் ஒழுங்காகப் பேச முடியும். மொத்தமாக ஐந்தாறு தலைப்புகள் போதும், அவை ஒவ்வொன்றையும் நீங்கள் முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

புத்தகத்தைப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று பதிப்பகத்தின் ஒப்பந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழில் பல ஒப்பந்தங்கள் ஒரே பக்கம்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இதில் முக்கியம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஜெர்மன் உரிமையைப் பேச முடியாது. எழுத்தாளரைப் பார்த்து, வெளிநாட்டு மொழிபெயர்ப்பு உரிமைகளைக் கையாளும் அதிகாரம், எவ்வளவு காலத்துக்கு, வரும் தொகையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று புதிதாக எழுதி வாங்குங்கள். எழுத்தாளரிடம் பங்கைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். அவருடைய உழைப்பை விற்கத்தான் போகிறோம்; அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். அவற்றை அறிமுகப்படுத்தலாமே ஒழிய, உரிமை என்று விற்க நம்மிடம் ஒன்றும் இல்லை. எழுத்தாளர் இறந்து இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு கடந்த நூல்களும் அப்படித்தான். ஜெர்மனியில் அந்தக் காலம் 70 ஆண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சில் வரும்.

ஒரு பக்கத் தாள்

புத்தகத்துக்கு ஒரு தாள், ஆங்கிலத்தில், ஒரே பக்கம். அட்டைப் படம், எழுத்தாளரைப் பற்றி மூன்று வரி, கதைச் சுருக்கம், வெளியான ஆண்டு, புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன், எந்த உரிமைகள் காலியாக இருக்கின்றன, யாரைத் தொடர்புகொள்வது. நாம் புத்தக அளவை டெமி, கிரவுன் என்றும், பக்கங்களை இத்தனை ஃபாரம் என்றும் பேசிப் பழகியவர்கள். அங்கே சென்டிமீட்டரில் அளவும் பக்க எண்ணிக்கையும் போடுங்கள். கூடவே மொத்த எழுத்தெண்ணிக்கையும் வேண்டும். ஜெர்மனியில் மொழிபெயர்ப்பாளருக்குத் தரப் பக்கக் கணக்கில்தான் வழக்கமாகக் கூலி பேசுவார்கள்: ஒரு வரிக்கு 60 எழுத்து, பக்கத்துக்கு 30 வரி. மொழிபெயர்க்க எவ்வளவு செலவாகும் என்று எதிரே இருப்பவர் மனதுக்குள் கணக்குப் போடும்போது உங்கள் தாளில் அதற்கான எண் இருக்கட்டும்.

தாளைவிட முக்கியம் மாதிரி மொழிபெயர்ப்பு. தமிழிலிருந்து நேரடியாக ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பவர்கள் மிகக் குறைவு. அங்குள்ள பதிப்பகத்தின் ஆசிரியர் குழு புத்தகத்தை மதிப்பிடுவது ஆங்கில மாதிரியை வைத்துத்தான். பதினைந்து இருபது பக்கம் நல்ல ஆங்கிலத்தில் இருந்தால் போதும். கதை சூடு பிடிக்கிற இடத்திலிருந்து எடுங்கள். முதல் அத்தியாயமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மொழிபெயர்ப்பவருக்குப் பணம் கொடுங்கள். நட்புக்காக இலவசமாகச் செய்து வாங்கியது பெரும்பாலும் அவசரத்தில் செய்ததாக இருக்கும்.

சொல்லும் விதத்துக்கு ஒரு உதாரணம். நான் கொண்டுபோனவற்றில் கூடலூர்ப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பும் இருந்தது. தாயகம் திரும்பிய தமிழர்களின் லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நடக்கும் கதைகள். "மனித உறவுகளின் ஆழத்தைத் தொடும் கதைகள்" என்று சொன்னால் எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார். நான் தயார் செய்தது இப்படி: 1964இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அப்படி வந்த பல குடும்பங்கள் நீலகிரியில், அவர்களுக்காகவே உருவான அரசுத் தோட்டங்களில் மறுபடியும் தேயிலையே பறித்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேத்தி ஒருத்தி, பாட்டி விட்டு வந்த ஊரை அவள் வாயால் கேட்டு எழுதிய கதைகள் இவை.

அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எங்கள் நாட்டில் இதை யார் படிப்பார்கள்? இதற்குப் பதில் தேடுவது உங்கள் வேலை. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில் கிழக்கு ஃப்ரீசியா என்று ஒரு பகுதி இருக்கிறது. உலகிலேயே தலைக்கு அதிகமாகத் தேநீர் குடிப்பவர்களில் அந்த மக்களும் உண்டு. அவர்களுடைய தேநீர்ப் பழக்கத்தை 2016இல் ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேநீரை இவ்வளவு நேசிக்கும் நாட்டில், அந்த இலையைப் பறித்தவர்களின் கதைக்கு இடம் உண்டு என்று நான் சொன்னபோது, எதிரே இருந்த பதிப்பாசிரியை பேனாவை எடுத்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அந்தந்த நாட்டோடு இப்படி ஒரு இணைப்பு உண்மையாகவே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த நாட்டுப் பதிப்பாளரை விட்டுவிட்டு வேறு நாட்டைப் பாருங்கள்.

சந்திப்புகள்

ஜூலை மாதம் முழுக்க இதற்கு. ஐம்பது பதிப்பகங்களின் இணையதளங்களைப் பார்த்து, நம் புத்தகத்தோடு ஒத்துப்போகக்கூடிய பதினைந்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் ஏற்கெனவே தெற்காசிய நூல்களை வெளியிட்டிருக்கிறார்களா, சிறுகதை போடுகிறார்களா, வருடத்துக்கு எத்தனை நூல் என்று பார்த்தாலே பாதி கழிந்துவிடும். பிறகு நம் வகை நூல்களைக் கவனிக்கும் பதிப்பாசிரியருக்கோ உரிமைப் பிரிவுக்கோ பெயர் சொல்லி எழுதுங்கள். எட்டு வரிக்குள் முடிய வேண்டும்: நான் யார், எந்தப் புத்தகம், உங்களுடைய எந்த நூலைப் பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன், எந்த நாள் நேரம் வசதி. மாணவர் என்பதை மறைக்க வேண்டாம்.

முதல் இரண்டு நாட்கள் எல்லோருக்கும் நெருக்கடி. பெரிய இடங்களில் வெள்ளிக்கிழமை பதினைந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள், அப்போது மனிதர்கள் கொஞ்சம் ஆசுவாசமாகப் பேசுவார்கள். அக்டோபரில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அதனால் நம் மதியத்துக்குள் அனுப்பிய கடிதம் அவர்கள் அலுவலகம் திறந்ததும் கண்ணில் படும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

சிறு பதிப்பகத்தில் ஏற்கெனவே வேலை செய்கிறவர் என்றால், ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சிறு பதிப்பாளர்களுக்காகக் கண்காட்சியே நடத்தும் அழைப்புத் திட்டத்தையும் பாருங்கள். தேசியப் புத்தக அறக்கட்டளை அங்கே இந்திய அரங்கு போடுவது வழக்கம். நம் புத்தகத்தை அங்கே வைக்க முடியுமா என்று பதிப்பகம் வழியாக முன்கூட்டியே கேளுங்கள்.

விசா

நீலகிரிக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் கோவை. பாஸ்போர்ட் இருந்தாலும், பயணம் முடிந்து மூன்று மாதமாவது செல்லுபடி இருக்கிறதா, இரண்டு பக்கமாவது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். வழக்கமாகப் பதினைந்து நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுக்கவும் இடமுண்டு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகை கொடுக்க விசா சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல், அன்றிரவே திரும்பிவிடலாம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது வருமானச் சான்றில். பச்சைத் தேயிலை விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. அதனால் பல வீடுகளில் வரிக் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். நான் அப்பாவின் சிட்டா, தொழிற்சாலையிலிருந்து மாதாமாதம் பணம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை, செலவை அவர் ஏற்பதாக எழுதிய கடிதம் மூன்றையும் இணைத்தேன். இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் வரிக் கணக்கு இல்லை என்று முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி ஆங்கிலத்தில் விளக்கினேன். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு நம் மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். படிப்புச் சான்று, பதிப்பகத்தின் கடிதம், கண்காட்சி நுழைவுச்சீட்டு, சந்திக்க ஒப்புக்கொண்டவர்களின் மின்னஞ்சல் நகல் எல்லாம் சேர்ந்தால், இந்தப் பெண் எதற்குப் போகிறாள், ஏன் திரும்பி வருவாள் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

மலை இறங்குவது, தங்குவது

அக்டோபர் நமக்கு மழைக்காலம். குன்னூர் சாலையில் மண் சரிந்தால் எல்லா வண்டியும் கோத்தகிரி வழியாகத் திரும்பும், அப்போது இந்தப் பாதையும் நெரிசல்தான். பெங்களூரிலிருந்து விமானம் என்றால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஐரோப்பாவுக்கான விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்புகின்றன. எதுவானாலும் ஒரு முழு நாள் முன்னதாகவே மலையிறங்கிவிடுங்கள். அந்த ஒரு நாளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குளிருக்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை, கோத்தகிரியில் போடும் ஸ்வெட்டரும் ஒரு மழைக்கோட்டும் போதும். அரங்குக்குள் வெப்பமாக இருக்கும், கழற்றி மாட்ட வசதியாக உடுத்துங்கள். ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணி அவசியம். புத்தகத்துக்கு ஒரு பிரதி போதும், மற்றதை பிடிஎஃப்பாக அனுப்பலாம். அம்மா நெய்யோ பால்கோவாவோ கட்டிக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. தேயிலைத்தூள் கொண்டுபோகலாம். சின்னப் பொட்டலமாக நம் ஊர்த் தேயிலை கொடுத்தால் சந்தித்தவர்களுக்கு நம்மை நினைவிருக்கும்.

கண்காட்சி வாரத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அறை வாடகை எகிறிவிடும். மைன்ஸ், டார்ம்ஸ்டாட், ஆஃபன்பாக் போன்ற பக்கத்து ஊர்களில் தங்கி ரயிலில் வரலாம். மைன்ஸ் குட்டன்பர்க் பிறந்த ஊர். அச்சுத்தொழில் படிக்கிற நமக்கு அந்தத் தெருவில் நடப்பதே ஒரு பாடம். ஃபிராங்க்ஃபர்ட் மத்திய ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கண்காட்சி வளாகம்.

அரங்கில்

அரங்கு எண் 5.1 என்று இருந்தால் ஐந்தாம் கூடம், முதல் தளம். அப்புறம் வரிசை எழுத்து, கடை எண். ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவே கால் மணி நேரம் ஆகலாம். அதனால் ஒரே கூடத்துச் சந்திப்புகளை அடுத்தடுத்து வையுங்கள், இரண்டு சந்திப்புக்கு நடுவே அரை மணி விடுங்கள். எழுத்தாளர்கள் சார்பில் உரிமைகளை விற்கும் முகவர்கள் உட்காரும் பகுதிக்கு முன்அனுமதி இல்லாமல் போக முடியாது.

உட்கார்ந்ததும் புத்தகத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். இந்த வருடம் என்ன தேடுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டு நிமிடத்தில் நம் ஐந்து தலைப்புகளில் எதை எடுப்பது என்று தெரிந்துவிடும். எவ்வளவு விற்றது என்று கேட்பார்கள். ஐந்நூறு பிரதி அச்சிட்டோம் என்றால் ஐந்நூறு என்றே சொல்லுங்கள், தமிழில் சிறுகதைத் தொகுப்புக்கு முதல் அச்சே அவ்வளவுதான் போடுவது வழக்கம் என்று விளக்குங்கள். எண்ணைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. மாணவராக நுழையும்போதே அதை ஒதுக்கிவிட்டால் ஆயுளுக்கும் நல்ல பெயர் நிற்கும்.

பணப்பேச்சு வந்தால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 2,000 பிரதி அச்சு, விலை 22 யூரோ, ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் நமக்கு வரும் பங்கு, 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விற்றால் 2,640 யூரோ. முன்பணம் அதில் பாதி என்று பேசினால் 1,320. விலை என்றால் அட்டை விலையா, கழிவு போன விலையா என்று கட்டாயம் கேளுங்கள், தொகை பெரிதாக மாறும். மொழி, நாடுகள், எத்தனை ஆண்டு, எத்தனை மாதத்துக்குள் வெளியிட வேண்டும், மின்நூலும் ஒலிநூலும் சேர்த்தா தனியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பதிப்பகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்பது மரியாதையான பதில்தான்.

ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த கையோடு, எழுந்து நடக்கும் முன், நோட்டில் எழுதுங்கள்: யார், எதில் ஆர்வம் காட்டினார், என்ன அனுப்பச் சொன்னார். சாயங்காலத்துக்குள் எல்லா முகமும் கலந்துவிடும். வார இறுதியில் சந்திப்பு இருக்காது. அப்போது சிறுவர் நூல் கூடத்தைப் பாருங்கள். தாள், பைண்டிங், அச்சு என்று நம்மால் என்னென்ன செய்ய முடியும் என்பது கையில் தொட்டுப் பார்த்தால்தான் புரியும்.

திரும்பி வந்தபின்

ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் எழுதுங்கள். பேசியதில் ஒரு குறிப்பிட்ட விஷயத்தை நினைவூட்டி, கேட்டதை மட்டும் இணைத்தால் போதும். பதிலுக்கு மாதங்கள் ஆகலாம். மொழிபெயர்ப்புச் செலவுதான் அவர்களுடைய பெரிய தயக்கம் என்பதால், தமிழ் நூல்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுபோகத் தமிழ்நாடு அரசு தரும் மொழிபெயர்ப்பு நல்கையைப் பற்றி அந்தக் கடிதத்திலேயே சொல்லுங்கள். எதிர்த்திசையிலும் வழி உண்டு: அங்கே பார்த்த ஒரு ஜெர்மன் நூலைத் தமிழில் கொண்டுவர நினைத்தால், ஜெர்மனியின் பண்பாட்டு அமைப்பான கோத்தே நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு உதவிக்கு உங்கள் பதிப்பகம் விண்ணப்பிக்கலாம்.

ஆர்வம் ஒப்பந்தம் வரை போனால், இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டின்படி ஜெர்மனியில் ராயல்டி மீது பிடிக்கக்கூடிய வரி 10 சதவீதத்துக்கு மேல் போகாது. அந்தச் சலுகையைப் பெற, நம் பதிப்பகம் இந்தியாவில் வரி வசிப்பிடம் கொண்டது என்ற சான்றிதழ் வேண்டும். அது கைக்கு வர நாளாகும், அதனால் ஒப்பந்த வரைவு வந்த அன்றே கணக்காளரிடம் சொல்லி விண்ணப்பித்துவிடுங்கள்.